காணிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு சீம்பால்

திருப்பதியில் ஒரு கருத்தரங்கு. பாலில் இருக்கும் ஒரு புரதம் கிருமிகளை எப்படிக் கொல்கிறது, அந்த ஆராய்ச்சி இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பினாங்கில் அலுவலகத்தில் விடுப்பு கேட்டபோது புரதத்துக்காகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். பொய். நான் போனது சீம்பாலுக்காக.

மாடு கன்று போட்டதும் முதலில் சுரக்கிற மஞ்சள் பால் இருக்கிறதே, அதுதான். வெல்லமும் மிளகுத்தூளும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்தால் கட்டிப்பட்டு, துண்டு போடுகிற பதத்துக்கு வரும். சித்தூர்ப் பக்கம் அதற்கு ஜுன்னு என்று பெயர். எங்கள் தஞ்சாவூரிலும் உண்டு. ஆனால் எனக்கு ருசி பிடிபட்டது திருப்பதியில் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில்தான். பினாங்கில் எல்லாம் கிடைக்கும். டுரியான் கிடைக்கும், நாசி கண்டார் கிடைக்கும், நல்ல மசால் தோசைகூடக் கிடைக்கும். சீம்பால் மட்டும் டப்பாவில் அடைத்த பொடியாகத்தான் கிடைக்கிறது. பொடியைப் போய் யாராவது ஆசைப்பட்டுத் தின்பார்களா?

என் விடுதி அறைத் தோழி தேசம்மாவுக்கு போன் செய்தேன். நகரிக்காரி. வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கில், கோபம் வந்தால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். காணிப்பாக்கம் தாண்டி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, பக்கத்து ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சராக இருக்கிறாள்.

“இன்னாடி, நெஜமாவா வர்றே? எங்க மாடும் அந்த வாரந்தான் கன்னு போடும் போல கீது. நீ இருக்கணும் ராஜி. கண்டிப்பா இருக்கணும்,” என்றாள்.

அந்தக் ‘கண்டிப்பா’வை நான் காதில் வாங்கவே இல்லை. நாக்கில் அப்போதே ஏலக்காய் வாசம் வந்துவிட்டது.

முதல் நாள் திருப்பதியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் பையைப் பிடுங்கிக்கொண்டார். “மொட்டைக்கா, தரிசனத்துக்கா?” என்று தெலுங்கில் கேட்டார். மீட்டிங்குக்கு என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியில் என் தலையை ஒரு பார்வை பார்த்தார். நான் மருதாணி போட்டு நரையைச் செம்பட்டையாக்கி வைத்திருப்பவள். “மீட்டிங் முடிந்ததும் மொட்டை போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, புதிதாகக் கறுப்பாய் முளைக்கும்,” என்று ஆறுதல் சொன்னார்.

ஊர் அடையாளம் தெரியவில்லை. நாங்கள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடந்த தெருவின் மேல் இப்போது பாலம் ஓடுகிறது. சினிமா தியேட்டர் இருந்த இடத்தில் ஓட்டல், ஓட்டல் இருந்த இடத்தில் இன்னும் பெரிய ஓட்டல். மலை மட்டும் அப்படியே நின்றது. சாயங்காலமானால் விடுதி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற சாக்கில் மலைப்பாதை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இப்போது தங்கியிருந்த அறை ஜன்னலிலிருந்தும் அது ஓரமாகக் கொஞ்சம் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரை நினைக்காமலா இருந்தோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்துக்கு மருந்து சாப்பாடு. ரயிலடிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சிவப்பு மிளகாய் விழுது பூசிய காரதோசை கேட்டேன். முதல் வாயிலேயே கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். கடைக்காரர் பயந்துபோய்ச் சர்க்கரையை நீட்டினார். வேண்டாம், இன்னொன்று போடுங்கள் என்றேன். நான் பேச வந்த புரதம் பாலில் மட்டுமல்ல, கண்ணீரிலும் உண்டு. ஆக அன்றைக்குக் கொஞ்சம் ஆராய்ச்சியும் நடந்தது என்றுதான் கணக்கு.

மறுநாள் கருத்தரங்கு. குளிர்பதன அறை, பிளாஸ்டிக் பூங்கொத்து, மேடையில் எல்லோருக்கும் சால்வை. பின்வரிசையில் ஒரு பச்சைப் புடவை எழுந்து கையை ஆட்டியது. தேசம்மா! பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. சிரிப்பு அதே சிரிப்பு. மேடையில் இருக்கிறோம் என்பதை மறந்து நானும் கையை ஆட்டினேன். பக்கத்திலிருந்த தலைவர் ஏதோ கொசு என்று நினைத்துக் குனிந்துகொண்டார்.

நான் பேச வந்த லாக்டோஃபெரின் என்பது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற புரதம். கிருமி வளர இரும்பு வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவன் இலையிலிருந்து சோற்றை வழித்துக்கொண்டு போகிற மாதிரி இது இரும்பை வழித்துக்கொண்டு போய்விடும், கிருமி பட்டினி. இதன் வேலை அவ்வளவுதான் என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம்தான் இது கிருமியின் மேல்தோலையே பிடித்துக் குலைத்துவிடும் என்று தெரிந்தது. வயிற்றில் செரிக்கும்போது இதிலிருந்து உடைந்து வருகிற ஒரு சின்னத் துண்டு, தாய்ப் புரதத்தைவிடப் பொல்லாதது. இப்போது ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டதால் எல்லோருக்கும் இதன் மேல் மறுபடி கண். பழைய மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்துக்கு வேகம் வருமா, கிருமிகள் பசை கட்டிக்கொண்டு கும்பலாக உட்கார்வதைக் கலைக்குமா, மாட்டின் மடிநோய்க்கு ஆகுமா, நெல்லிலும் ஈஸ்டிலும் இதை விளைவிக்கலாமா என்று பல பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் சிங்கமாக இருக்கிற புரதம், குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எல்லா இடத்திலும் அப்படி இருக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

பேசும்போதே மனசு பழைய லேபுக்குப் போய்விட்டது. தேசம்மாவும் நானும் சேர்ந்து செய்த புராஜெக்டே சீம்பால்தான். கிருமி பரப்பிய ஜெல்லித் தட்டில் குழி தோண்டி, அதில் சொட்டு விட்டு, மறுநாள் காலையில் திறந்து பார்த்தோம். குழியைச் சுற்றி ஒரு வளையம், கிருமியே இல்லாமல் பளிச்சென்று. தேசம்மா தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் லேப் ஸ்டூல் ஒன்று உடைந்தது. அந்தச் சீம்பாலை அவள் நைனா, அதாவது அப்பா, நகரியிலிருந்து பஸ்ஸில் சொம்போடு கொடுத்தனுப்புவார். பாதி தட்டுக்குப் போகும், பாதி ஹீட்டரில் ஜுன்னு ஆகும். ஒரு முறை முழுசையும் நானே தின்றுவிட்டேன். அன்றிலிருந்து விடுதியில் என் பெயர் தின்னிப் பண்டாரம்.

அந்தச் சொம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தின்றுவிட்டோமே, கழுவியாவது வைப்போம் என்று சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப் பாவி! சீம்பால் குடுத்த ஏனத்தக் கழுவக் கூடாதுடி. கழுவாம, உள்ள ஒரு துண்டு வெல்லம் போட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும். மாட்டுக்குப் பால் வத்திப் பூடும்!” பகல் பூராவும் ஊசி முனையைக்கூட நெருப்பில் காட்டிவிட்டுத் தொடுகிறவள் சொன்ன வார்த்தை இது. கிருமி வராதாடி என்றேன். “கிருமி வேற, மாடு வேற,” என்றாள். அடுத்த சீம்பால் வந்தபோது ஒழுங்காக வெல்லம் போட்டு அனுப்பினோம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து தேசம்மா எழுந்தாள். தெலுங்கில் கேட்டாள். “கன்றுக்குச் சீம்பாலை எப்போது கொடுக்க வேண்டும்? நஞ்சுக்கொடி விழுவதற்கு முன்னால் கறந்தால் தாய்க்கு ஆபத்தா?”

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மூலக்கூறு, மரபணு என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் இது என்ன கேள்வி என்று. நான் பதில் சொன்னேன். “எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும். நேரம் போகப் போக, பாலில் இருக்கும் காவலை உள்ளே வாங்கிக்கொள்கிற சக்தி கன்றின் குடலுக்குக் குறைந்துவிடும். கொடிக்காகக் காத்திருக்க வேண்டாம். கறந்தால், கன்று முட்டிக் குடித்தால், கொடி விழ அது உதவியாகத்தான் இருக்கும்.” தேசம்மா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். என் மேல் அவ்வளவு பிரியமா, வீடியோ எடுக்கிறாளே என்று நான் பூரித்துப் போனேன்.

மூன்றாம் நாள் இருவரும் சித்தூருக்கு பஸ் ஏறினோம். மாங்காய் சீசன். வழியில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி, ரோடே மாந்தோப்பாகிவிட்டது. “காய் உள்ளே போகிற வரைக்கும் நாமும் போகப்போவதில்லை, வேண்டுமானால் இறங்கித் தூங்குங்கள்,” என்று கண்டக்டர் தெலுங்கில் அறிவித்துவிட்டுத் தானே முதலில் இறங்கிப் போனார்.

டிராக்டர்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கிளிமூக்கு மாங்காய்களை அள்ளி நீட்டினார். “துன்னுங்கம்மா. முந்தாநாள்லருந்து நின்னுகினு கீறேன். ஃபேக்டரிக்காரன் வாங்கறதுக்குள்ள அழுவிப் பூடும். நீங்களாச்சும் துன்னுங்க.” சொல்லும்போது சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. யாரோ உப்பு மிளகாய்த்தூள் பொட்டலம் நீட்டினார்கள். பஸ்ஸே ரோட்டோரம் உட்கார்ந்து மாங்காய் தின்றது. பினாங்கில் பஸ் கொஞ்சம் தாமதமானால் போனை எடுத்துப் புகார் எழுதுகிறவள் நான். அன்று பஸ் கிளம்பியபோது எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை.

“இன்னும் தின்னிப் பண்டாரமாத்தான் கீறே. தலை மட்டும்தான் செம்பட்டையா மாறிக்கீது,” என்றாள் தேசம்மா. மாங்காய்க் கொட்டையை அவள் மேல் எறிந்தேன்.

காணிப்பாக்கத்தில் இறங்கிப் பிள்ளையாரைப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளையார், வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஐதீகம். அவர் முன்னால் யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் தீராத வழக்கெல்லாம் இவர் சந்நிதியில் தலை முழுகிவிட்டுச் சத்தியம் செய்ததும் தீர்ந்துவிடும். வெளியே வந்து, பிரசாதப் புளியோதரையை மரத்தடியில் வைத்துத் தின்னும்போதுதான் தேசம்மா விஷயத்தைச் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் முன்னே ஒரு மாடு இருந்தது. அது கன்று போட்டதும் தேசம்மா உடனே கறந்து கன்றுக்குக் கொடுத்துவிட்டாள். கொடி விழவில்லை. உள்ளேயே அழுகி, காய்ச்சல் கண்டு, மாடு செத்துப்போயிற்று. கொடி தங்குவதற்கு ஆயிரம் காரணம். ஆனால் அவள் கணவர் முனிரத்தினம், கொடி விழுமுன் கறந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். நேரே இங்கே வந்து, இனிமேல் கொடி விழாமல் மாட்டு மடியில் கை வைப்பதில்லை, கன்றையும் விடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்.

“என்னியும் மடியத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. திட்டல, அடிக்கல. தொடாத தேசம்மான்னு மட்டுந்தான் சொன்னாரு. அன்னிலருந்து நான் பால் கறக்கறதே கெடையாது, ராஜி. அடுத்த மாடு ஈனும்போது கொடி விழுற வரைக்கும் காத்துக்கினு இருந்தோம். பொழுது சாஞ்சி பூட்ச்சி. கன்னு பசியில கத்திக் கத்தி ஓஞ்சிப் பூட்ச்சி. அப்பாலே கழிச்சல் கண்டு, கழிஞ்சி கழிஞ்சே செத்துது. என் கால்மேல தலய வெச்சிக்கினு.”

அவள் புளியோதரையைக் கீழே வைத்துவிட்டாள். சீம்பாலில் பளிச்சென்ற வளையத்தைப் பார்த்துக் குதித்தவள், ஒரு கன்று பசித்துச் சாவதைக் கை கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். எனக்கு முனிரத்தினத்தின் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

“அதுக்குத்தான் வீடியோ எடுத்தியா?”

“அவராண்ட காட்டறதுக்கு. கன்னு பொயச்சாப் போதும்டி.”

கோபத்தை அந்த மனுஷர் வீட்டு வாசலைத் தாண்டும் வரைக்கும்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. முனிரத்தினம் கேழ்வரகுக் களி கிண்டி, நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக் காத்திருந்தார். எல்லாம் அவர் கைப்பக்குவம். களியை உருட்டி, நடுவில் குழி செய்து, நெய் விட்டுத் தட்டில் வைத்தார். “மென்னு துன்னக் கூடாதும்மா, முழுங்கணும்,” என்று சொல்லிக் கொடுத்தார். நான் போதும் என்று சொல்லுமுன் இரண்டாவது உருண்டை வந்து விழுந்தது. விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்வது இந்த வீட்டில் கிடையாது என்று தேசம்மா பெருமையாகச் சொன்னாள்.

சாப்பிட்டு முடிந்ததும் வீடியோவைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் பேசறீங்க. நீங்க மாடு வெச்சிக்கினு கீறீங்களாம்மா?”

“இல்லண்ணா. அடுக்குமாடி வீடு.”

“அதான்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “வெட்னரி டாக்டரும் இதையேதான் சொல்றாரு. போவட்டும்மா. கன்னு போனா அடுத்த கன்னு வரும். மாடு போனா இந்த வூட்ல அடுப்பு எரியறது கஷ்டம்.”

நாலாம் நாள் காலை. நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாடு கன்று போட்டது. சிவப்புக் கிடாரி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தாய் நக்கி நக்கி ஈரம் போக்கியது. கொஞ்ச நேரத்தில் நாலு காலும் நாலு பக்கம் போகக் கன்று எழுந்து நின்றது, விழுந்தது, மறுபடி எழுந்தது. மூக்கை நீட்டிக்கொண்டு மடியைத் தேடி நடந்தது. முனிரத்தினம் அதைத் தூக்கிக்கொண்டார். குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினார். வீட்டுக்குப் பின்பக்கம் சாக்கு விரித்துக் கட்டிவிட்டு வந்து, கொடி சீக்கிரம் விழட்டும் என்று தாய்க்கு மூங்கில் இலையும் வெல்லமும் கொடுத்தார். கொடி தொங்கிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து கன்று கூப்பிட்டது, முன்னாலிருந்து தாய் பதில் சொன்னது. அவர் இரண்டையும் கேட்காத மாதிரி இலையை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏறக் கன்றின் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

தேசம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். “நீ கேளு ராஜி. ஜுன்னு வேணும்னு கேளு. வூட்டுக்கு வந்தவ வாயத் தொறந்து கேட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது.”

அப்போதுதான் அந்தக் ‘கண்டிப்பா இருக்கணும்’ எனக்கு விளங்கியது. அடிக் கள்ளி! தின்னிப் பண்டாரத்தை இத்தனை தூரம் வரவழைத்தது இதற்குத்தானா? எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. உலகத்தில் இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

வெளியே போய், வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். “அண்ணா, எனக்கு ஜுன்னு வேணும். இப்பவே. சாயங்காலம் நான் கிளம்பணும். கொடி விழற வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது. இதுக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? இல்லேன்னு எப்படிச் சொல்லுவேன்? நான் மடியில கை வெக்க மாட்டேன்னு பிள்ளையாராண்ட சத்தியம் பண்ணிக்கீறேனே.”

“உங்க கைதானே அண்ணா? என் கை சத்தியம் எதுவும் பண்ணலையே.”

வேலியோரம் நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் தெலுங்கில் யாரிடமோ சொன்னாள்: “பாவம், அந்த ஊரில் சாப்பாடே கிடைக்காது போலிருக்கிறது.” கேட்டுக்கொண்டேன். இன்னும் பாவமாகவும் பேராசையாகவும் முகத்தை வைத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் உள்ளே போய் எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “கறந்துக்கோங்க. ஏனத்த மட்டும் கழுவாம குடுங்க.” மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. அந்த மனுஷர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. வீடியோவில் அவ்வளவு தைரியமாகச் சொன்னேனே, இந்த மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கல்லூரிப் பண்ணையில் எப்போதோ கறந்தது. மாடு ஒரு உதை விட்டது, நான் சாணியில் உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து பிடித்தேன். மெதுவாக வந்தது. கெட்டியாக, மஞ்சளாக, சூடாக. மேடையில் நின்று அரைநாள் பேசிய பொருளை வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் கையால் தொட்டேன். சொம்பில் முக்கால் ஆனதும் எழுந்து, அடுப்படிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து, பின்வாசல் வழியாக ஓடினேன்.

கன்று தலையைச் சாக்கில் போட்டுவிட்டிருந்தது. தேசம்மா அதன் கழுத்தை அணைத்துத் தூக்கினாள். நான் விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. இரண்டாவது முறை நாக்கு சொரசொரவென்று விரலைச் சுற்றிக்கொண்டது. விரலோடு அதன் வாயைச் சொம்புக்குள் இறக்கினோம். அப்புறம் அது எங்களைக் கவனிக்கவே இல்லை. சொம்பை முட்டி முட்டி, மூக்கெல்லாம் நுரையாக, மடமடவென்று குடித்தது. தேசம்மா சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். “இவ உன்ன மாரியே துன்றாடி,” என்றாள் அழுகையோடு.

ஜுன்னு வேகிற நேரம் ஆனதும் சொம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். கழுவவில்லை. ஒரு துண்டு வெல்லம் போட்டிருந்தேன். முறை தப்பக்கூடாது அல்லவா?

முனிரத்தினம் சொம்பை வாங்கினார். உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார். விளிம்பிலிருந்து ஒரு மயிரை எடுத்து வெயிலில் பிடித்தார். சிவப்பு.

“ஏம்மா, ஜுன்னு நல்லாருந்துதா?”

“அமிர்தம் அண்ணா.”

“இந்த மயிரு?”

“என்னுதுதான். மருதாணி போடறேன் இல்ல?”

அவர் என் தலையைப் பார்த்தார், மயிரைப் பார்த்தார், சொம்பெல்லாம் வழிந்து காய்ந்திருந்த எச்சில் நுரையைப் பார்த்தார். பின்பக்கம் கன்று கூப்பிட்டது. இப்போது நல்ல உரத்த குரல்.

“காணிப்பாக்கத்துக்குப் பக்கத்துல நின்னுகினு பேசறீங்கம்மா,” என்றார்.

மாட்டின் பின்னால் கொடி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெல்லத்தை எடுத்து மாட்டின் வாயில் கொடுத்துவிட்டு, கழுவாத சொம்பைத் தேசம்மாவிடம் நீட்டினார்.

“உன் கூட்டாளிக்கு இன்னும் பசி அடங்கல போல கீது. அவங்களுக்குக் கறக்கத் தெரியல. நீ கறந்து குடு.”

தேசம்மா சொம்பை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். “நானா?” என்றாள்.

“வேற யாரு?” என்று சொல்லிவிட்டு அவர் மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அவள் கையைக் கழுவி, புடவையைச் செருகிக்கொண்டு, மடிக்குப் பக்கத்தில் குந்தினாள். மாடு உதைக்கவில்லை. சொம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் நான் திருப்பதி பஸ்ஸில் பசியோடு மாங்காய் லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது. கொடி விழுந்துவிட்டது, முழுசாக விழுந்துவிட்டது என்று தேசம்மா கத்தினாள். பக்கத்திலிருந்து அவர் குரல்: “அடுத்த தபா அவங்களுக்கு நெஜமாவே ஜுன்னு வெச்சிக் குடுக்கணும்னு சொல்லு.”

பினாங்கில் எல்லோரும் கேட்டார்கள், சீம்பால் கிடைத்ததா என்று. கிடைத்தது, இரண்டு சொம்பு, ஒரு சொட்டு மிச்சமில்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.